வெறுத்த பெட்டிக்குள் ஒரு வாழ்நாள் பணி



பிள்ளைகள் ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் காலம் பெற்றோருக்குச் சோதனையான காலம். ஒரு பிள்ளை டொக்டர், மற்றது கணக்காளர், இன்னொன்று ஆசிரியை என்று நாம் ஒரு பட்டியல் போட்டு வைத்திருப்போம். அதற்கிடையில் மகள் வந்து, "உம்மா, எனக்கு ரீ.வீ.யில நிகழ்ச்சி நடத்த விருப்பம். சனங்களுக்குப் பிரயோசனமா நாலு விசயம் சொல்லணும்" என்று சொன்னால் வீடே ஒரு கணம் பேச்சற்றுப் போகும். வாப்பா பத்திரிகையை மடித்து வைப்பார். "இதென்ன புதுக்கதை?" என்று உம்மம்மா கேட்பார். இப்போது தொலைக்காட்சி நிலையத்தின் வாசலுக்குப் போகவேண்டிய அவசியம்கூட இல்லை. கைத்தொலைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, எந்தப் பிள்ளையும் தானே ஒரு நிலையம் நடத்தலாம் என்ற காலம் இது.

இப்படிக் கேட்கும் பிள்ளைக்கு நாம் இரண்டில் ஒரு பதிலைத்தான் வழக்கமாகச் சொல்கிறோம். ஒன்று, "அதெல்லாம் நமக்குச் சரிவராது." மற்றது, "செய் மகள், நல்லாப் பேர் வரும்." இரண்டு பதிலுமே அவசரமானவை. இரண்டுக்கும் முன்னால் கேட்கவேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: எதற்காக? நாலு பேர் தன்னைப் பார்க்கவேண்டும் என்பதற்காகவா, நாலு பேருக்குத் தன்னிடமிருந்து ஏதாவது போய்ச் சேரவேண்டும் என்பதற்காகவா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தொழில்தான். உள்ளே இருக்கும் நிய்யத் வேறு. அந்த நிய்யத்துத்தான் பத்து வருடத்துக்குப் பிறகு அந்த மனிதர் என்னவாக இருப்பார் என்பதைத் தீர்மானிக்கிறது.

இதைச் சும்மா உபதேசமாகச் சொன்னால் பிள்ளைகள் காதில் ஏறாது. ஆகவே ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்துச் சொல்கிறேன். அவர் நமது நாட்டவரும் அல்லர், நமது மார்க்கத்தவரும் அல்லர். அமெரிக்கர், கிறிஸ்தவப் போதகர். பெயர் பிரெட் ரொஜர்ஸ். முப்பது வருடங்களுக்கு மேலாக அந்த நாட்டின் சிறு பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சி மூலம் ஆறுதலும் தைரியமும் சொல்லிவந்தவர்.

பயந்த பிள்ளை

ரொஜர்ஸ் 1928 மார்ச் 20இல் பென்சில்வேனியா மாநிலத்தின் லெட்ரோப் என்ற சிறு நகரத்தில் பிறந்தார். குடும்பம் வசதியான குடும்பம். ஆனால் பிள்ளை நோயாளி. ஆஸ்துமா காரணமாகக் கோடை காலத்தில் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்க நேர்ந்தது. உடம்பு பருத்திருந்ததால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பட்டப்பெயர் சொல்லிக் கேலி செய்தார்கள், துரத்தினார்கள். "அதைக் கண்டுகொள்ளாதே, கவலையில்லாதவன் போல நட, விட்டுவிடுவார்கள்" என்று பெரியவர்கள் புத்தி சொன்னார்கள். இந்தப் புத்திமதி அவருக்குப் பெரிய வேதனையைத் தந்தது. மனம் நோகிறது, நோகவில்லை என்று நடிக்கச் சொல்கிறார்களே, நான் கவலைப்படுவது குற்றமா என்று அந்தப் பிள்ளை யோசித்தது.

தனிமையில் அவர் இரண்டு விடயங்களில் ஆறுதல் கண்டார். ஒன்று பியானோ. வாயால் சொல்ல முடியாத கோபத்தையும் கவலையையும் அந்தப் பியானோக் கட்டைகளில் தட்டித் தீர்த்தார். மற்றது கைப்பொம்மைகள். பொம்மைகளுக்குத் தானே குரல் கொடுத்துப் பேச வைத்தார். இவற்றோடு, பேரனைப் பார்க்கும்போதெல்லாம், நீ இருப்பதே எனக்குச் சந்தோசம் என்று உணர வைத்த ஒரு பாட்டனாரும் இருந்தார்.

சகோதரிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்தக் காலத்தில் யாராவது லெட்ரோப்புக்குப் போய், "இந்த ஊரில் எந்தப் பிள்ளை நாடு முழுவதற்கும் பேசப்போகிறது?" என்று கேட்டிருந்தால், நோயாளியான அந்தப் பிள்ளையை ஒருவரும் காட்டியிருக்கமாட்டார்கள். நாமும் அப்படித்தான். வாய்த்துடுக்கான பிள்ளையைக் கண்டால் "இவன் பெரிய பேச்சாளனாக வருவான்" என்கிறோம். மூலையில் இருக்கும் பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பின்னாளில் ரொஜர்ஸ் எதைப் பேசினாரோ, அதெல்லாம் அந்த மூலையில் சேர்த்து வைத்ததுதான்.

பிடிக்காததால் போனவர்

புளோரிடாவிலுள்ள ரொலின்ஸ் கல்லூரியில் இசை படித்து 1951இல் பட்டம் பெற்றார். அடுத்து மதக் கல்லூரிக்குப் போய்ப் போதகராவது என்பதுதான் திட்டம். அந்த நேரத்தில் விடுமுறையில் வீட்டுக்கு வந்தவர், பெற்றோர் புதிதாக வாங்கியிருந்த தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்தார். அதில் ஆட்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் பலகாரத்தை வீசி அடித்துக்கொண்டிருந்தார்கள். சிறு பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியாம்! அவருக்கு அருவருப்பாகப் போய்விட்டது. ஒரு மனிதனைக் கேவலப்படுத்துவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கவேண்டும் என்று பெரியவர்கள் ஏற்பாடு செய்வதா?

இப்படி ஒன்றைக் கண்டால் நம்மில் அநேகர் இரண்டு காரியம் செய்வோம். ஒன்று, பெட்டியை மூடிவிட்டுத் திட்டுவோம். அல்லது, திட்டிக்கொண்டே தொடர்ந்து பார்ப்போம். ரொஜர்ஸ் மூன்றாவது காரியம் செய்தார். இவ்வளவு சக்தியுள்ள சாதனத்தை இப்படிப் பாழாக்குகிறார்களே, நல்லதற்குப் பயன்படுத்த ஏதாவது வழி இருக்கவேண்டும் என்று எண்ணி, போதகர் படிப்பை ஒத்திப்போட்டுவிட்டு நியூயோர்க் போய் என்.பி.சி. தொலைக்காட்சியில் வேலைக்குச் சேர்ந்தார். தான் தொலைக்காட்சிக்குள் போனதற்குக் காரணமே அதை வெறுத்ததுதான் என்று பிற்காலத்தில் பகிரங்கமாகச் சொன்னார்.

வாழ்க்கையின் நோக்கம் என்று சொன்னால், பிடித்தமான ஒன்றைத் தேடிப் போவது என்றுதான் இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். சில வேளை அது மனதைச் சுடுகின்ற ஒன்றிலிருந்தும் தொடங்கலாம். "இது இப்படி இருக்கக்கூடாது" என்று உள்ளம் அடித்துக்கொள்ளும் இடம் எதுவோ, அங்கே ஒருவருக்கு வேலை காத்திருக்கக்கூடும்.

திரைக்குப் பின்னால் இருந்த வருடங்கள்

நியூயோர்க்கில் அவர் பார்த்தது எடுபிடி வேலை போன்றதுதான். தயாரிப்பாளருக்கு உதவியாளர், பிறகு தளத்தில் நிற்பவர்களை ஒழுங்குபடுத்துபவர். ஆனால் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அங்கே கெபி ஹேய்ஸ் என்ற வயதான நடிகர் பிள்ளைகளுக்கு ஒரு நிகழ்ச்சி நடத்திவந்தார். கமராவைப் பார்க்கும்போது அதற்கப்பால் இருக்கும் இலட்சக்கணக்கானோரை எப்படி நினைத்துக்கொள்கிறீர்கள் என்று ரொஜர்ஸ் அவரிடம் கேட்டார். இலட்சம் பேரை நினைப்பதில்லை, ஒரேயொரு சிறு பிள்ளையை மட்டும் நினைத்துக்கொள்வேன் என்பதுதான் கிடைத்த பதில். இந்த ஒரு பாடத்தை ரொஜர்ஸ் சாகும்வரை விடவில்லை. அவருடைய நிகழ்ச்சியைப் பார்த்த ஒவ்வொரு பிள்ளையும், "இவர் என்னோடுதான் பேசுகிறார்" என்று நம்பியதற்கு இதுவே காரணம்.

1953இல் அந்தப் பெரிய நிறுவனத்தை விட்டுவிட்டு, பிட்ஸ்பர்க் நகரத்தில் இன்னும் ஒளிபரப்பே தொடங்கியிராத டபிள்யூ.கியூ.ஈ.டி. என்ற சமூக நிலையத்துக்குப் போனார். முன்னேறிக்கொண்டிருந்த ஒருவர் நியூயோர்க்கை விட்டு இப்படிப் போவது அறிவீனம் என்றே கூட இருந்தவர்கள் நினைத்தார்கள். 1954இல் அங்கே "பிள்ளைகள் மூலை" என்ற பொருள்படும் ஒரு நிகழ்ச்சி ஆரம்பமானது. திரையில் தோன்றியவர் ஜோசி கேரி என்ற பெண்மணி. ரொஜர்ஸ் பின்னால் மறைந்து நின்று பொம்மைகளை ஆட்டினார், இசை வாசித்தார். பணமில்லாத நிலையம் என்பதால் இலவசமாகக் கிடைத்த பழைய பிலிம்களைத்தான் இடையில் ஓட்டினார்கள். முதல் நாளே பிலிம் அறுந்துவிட்டது. நேரடி ஒளிபரப்பு, திரை வெறுமையாகிவிடும். அந்த நேரத்தில் ரொஜர்ஸ், நிலைய முகாமையாளரான பெண்மணி முதல் நாள் அன்பளிப்பாகத் தந்திருந்த சிறு புலிப் பொம்மையைக் கையில் மாட்டி, அரங்கில் வரைந்திருந்த கடிகாரத்தின் துவாரத்தினூடாக வெளியே நீட்டிப் பேச வைத்தார். அந்தக் கூச்சமுள்ள புலிதான் பின்னாளில் நாடறிந்த "டேனியல்". தன் பிள்ளைப் பருவத்துப் பயங்களை எல்லாம் அவர் அந்தப் பொம்மையின் வாயால் பேசினார்.

அவரது அடையாளமாகிப்போன கென்வஸ் சப்பாத்துக்கூட அந்தக் காலத்தில் வந்ததுதான். பொம்மைகளை வைத்துவிட்டு இசைக்கருவிக்கு ஓடும்போது சத்தம் கேட்கக்கூடாது என்பதற்காகப் போட்டது. மேலே அணிந்த கம்பளிச் சட்டைகளை அவருடைய தாயார் பின்னிக் கொடுத்தார். தாய் பின்னிய அந்தச் சட்டைகளில் ஒன்று இன்று வொஷிங்டனில் தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

இந்த வேலைகளுக்கிடையே, மதிய உணவு இடைவேளைகளில் போய்ப் போய், எட்டு வருடமாக மதக் கல்லூரிப் படிப்பையும் முடித்தார். 1963இல் போதகராக நியமனம் பெற்றார். அவருக்கு ஒரு தேவாலயத்தை ஒப்படைக்காமல், தொலைக்காட்சி மூலம் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் பணி செய்வதையே அவரது கடமையாக அவருடைய சபை ஒப்படைத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் கனடாவின் அரச ஒளிபரப்பு நிறுவனத்தில் பிள்ளைகள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த ஒருவர், ரொஜர்ஸ் பிள்ளைகளோடு பேசுவதைப் பார்த்துவிட்டு, நீங்கள் பின்னால் நிற்கக்கூடாது, முகத்தைக் காட்டிப் பேசவேண்டும் என்று வற்புறுத்தினார். அப்போது ரொஜர்ஸுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பிறகு பிட்ஸ்பர்க்குக்குத் திரும்பி நடத்திய "மிஸ்டர் ரொஜர்ஸின் அயல்" என்ற பொருள்படும் நிகழ்ச்சி 1968 பெப்ரவரி 19இல் நாடு முழுவதும் ஒளிபரப்பாகத் தொடங்கியபோது அவருக்கு நாற்பது வயது நெருங்கியிருந்தது.

கணக்குப் பாருங்கள். 1951இல் எண்ணம் பிறந்தது. 1968இல் நாடு அறிந்தது. இடையில் பதினேழு வருடம். இன்று ஒரு பிள்ளை மூன்று வீடியோ போட்டுவிட்டு, "ஒருத்தரும் பார்க்கேல்ல" என்று மனமுடைந்து போகிறது. அதற்கு இந்தப் பதினேழு வருடத்தைச் சொல்லுங்கள்.

ஒரு சொல்லுக்கு ஒரு மணித்தியாலம்

நல்ல நோக்கம் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்பது நம்மவர்களிடம் உள்ள ஒரு பெரிய நினைப்பு. ரொஜர்ஸ் அப்படி நினைக்கவில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் மெக்பார்லண்ட் என்ற பிள்ளை உளவியல் பேராசிரியை இருந்தார். ஏறத்தாழ முப்பது வருடமாக, அந்த அம்மையார் 1988இல் இறக்கும்வரை, ரொஜர்ஸ் அவரிடம் போய் எழுதியதைக் காட்டி ஆலோசனை கேட்டுவந்தார். நாடு முழுவதும் புகழ் பெற்ற பிறகும் கேட்டார்.

ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போட்டார். ஒரு வைத்தியசாலைக் காட்சியில், இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டிக்குக் காற்றடிப்பதைத் தாதி ஒரு ஆங்கிலச் சொல்லால் சொல்கிறார். அந்தச் சொல்லுக்குக் குண்டு வெடிப்பது என்றும் ஒரு பொருள் உண்டு. பிள்ளை பயந்துவிடும் என்று அந்த ஒரு சொல்லை மாற்றிப் புதிதாகப் பதிவு செய்ய வைத்தார். குளிக்கும் தொட்டியில் தண்ணீரோடு தானும் குழாய்க்குள் போய்விடுவோமோ என்று சின்னப் பிள்ளைகள் பயப்படுவதை அறிந்து, அதற்காகவே ஒரு பாட்டு எழுதினார். பெரியவர்கள் கேட்டுச் சிரிக்கலாம். பிள்ளைக்கு அது உண்மையான பயம். அவர் சிரிக்கவில்லை.

நிகழ்ச்சியில் அவர் மீன்தொட்டிக்கு உணவு போடுவது வழக்கம். ஒரு நாள் கண்பார்வையற்ற ஒரு சிறுமியிடமிருந்து கடிதம் வந்தது. நீங்கள் மீனுக்குச் சாப்பாடு போட்டீர்களா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, கவலையாக இருக்கிறது என்று. அதற்குப் பிறகு உணவு போடும்போது, "இப்போது மீனுக்குச் சாப்பாடு போடுகிறேன்" என்று வாயால் சொல்லத் தொடங்கினார். இலட்சக்கணக்கானோர் பார்க்கும் நிகழ்ச்சியை ஒரு பிள்ளைக்காக மாற்றினார்.

கடினமான விடயங்களிலிருந்தும் அவர் ஓடவில்லை. 1968 ஜூனில் ரொபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். நாடெங்கும் தொலைக்காட்சியில் அதே காட்சி. பிள்ளைகள் பார்த்துப் பயந்துபோய் இருப்பார்களே என்று, ஒரு சில நாட்களுக்குள் விசேட நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்தார். கொலை என்றால் என்ன என்று அந்தப் புலிப் பொம்மை ஒரு பெண்மணியிடம் கேட்கிறது. அவர் உண்மையை மெதுவாகச் சொல்கிறார். பிள்ளைகளுக்கு முன்னால் இந்தக் காட்சிகளை ஓடவிடாதீர்கள் என்று பெற்றோரிடமும் கேட்டுக்கொண்டார். மரணம், விவாகரத்து, யுத்தம் என்று வீட்டில் பிள்ளை கேட்டால் நாம் "உனக்குத் தெரியத் தேவையில்லை" என்று சொல்லும் விடயங்களை எல்லாம் அவர் பிள்ளையின் அளவுக்கு இறக்கிப் பேசினார்.

சத்தமின்றிச் செய்த இன்னொரு காரியமும் உண்டு. அமெரிக்காவில் கறுப்பு நிறத்தவர்களை வெள்ளையர் குளிக்கும் நீச்சல் தடாகங்களில் விடாத காலம் ஒன்று இருந்தது. 1964இல் புளோரிடாவில் ஒரு விடுதித் தடாகத்தில் கறுப்பர்கள் இறங்கியபோது, முகாமையாளர் அந்தத் தண்ணீரில் அசிட் ஊற்றினார். 1969இல் ரொஜர்ஸ் தன் நிகழ்ச்சியில், வெயில் நாளொன்றில் ஒரு சிறு பிளாஸ்டிக் தொட்டியில் கால் நனைத்தபடி இருந்து, பொலிஸ்காரராக நடித்த பிரான்சுவா கிளெமன்ஸ் என்ற கறுப்பினப் பாடகரைத் தன்னோடு கால் நனைக்க அழைத்தார். இருவரும் ஒரே துவாயால் கால் துடைத்துக்கொண்டார்கள். இனவாதம் கூடாது என்று ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலே எல்லாப் பிள்ளைகளுக்கும் விளங்கியது.

அதிகாரத்தின் முன்னால்

1969இல் பொதுமக்கள் தொலைக்காட்சிக்கு ஒதுக்கவிருந்த 2 கோடி டொலரைப் பாதியாகக் குறைக்க அன்றைய நிக்சன் அரசாங்கம் விரும்பியது. மே 1ஆம் திகதி செனட் உபகுழுவின் முன் ரொஜர்ஸ் பேசப் போனார். குழுத் தலைவர் செனட்டர் ஜோன் பஸ்டோர் கண்டிப்பானவர், பொறுமை குறைந்தவர். ரொஜர்ஸ் எழுதிக் கொண்டுபோன அறிக்கையை வாசிக்கவில்லை. நிகழ்ச்சியை ஆரம்பித்த காலத்தில் 30 டொலரில் செய்ததையும், இப்போது ஒரு நிகழ்ச்சிக்குச் செலவாகும் 6,000 டொலர் இரண்டு நிமிடக் கார்ட்டூனுக்குக்கூடப் போதாது என்பதையும் எளிமையாகச் சொன்னார். கோபம் வந்தால் அதை அடக்கி ஆள முடியும் என்று பிள்ளைக்குச் சொல்லும் தன்னுடைய பாட்டொன்றின் வரிகளையும் வாசித்துக் காட்டினார். ஏறத்தாழ ஆறு நிமிடம்தான். முடிவில் அந்தச் செனட்டர், எனக்கு மயிர்க்கூச்செறிகிறது, உங்களுக்கு 2 கோடியும் கிடைத்துவிட்டது போலத்தான் என்ற கருத்தில் பேசினார்.

அங்கே அவர் குரலை உயர்த்தவில்லை, சாமர்த்தியமும் காட்டவில்லை. பிள்ளைகளோடு பேசும் அதே குரலில் செனட்டரோடும் பேசினார். இரண்டு முகம் இல்லாதவருக்கு எந்தச் சபையிலும் புதிதாக ஒன்றும் தயார் செய்யத் தேவையில்லை.

மறுத்தவையும் தவறியவையும்

ஒரு தொழிலில் ஒருவர் எதைச் செய்தார் என்று பார்ப்பது போல, எதைச் செய்ய மறுத்தார் என்றும் பார்க்கவேண்டும். தன் மேல் பிள்ளைகள் வைத்த நம்பிக்கையை வைத்து அவர்களிடம் பொருட்களை விற்க ரொஜர்ஸ் சம்மதிக்கவில்லை. 1984இல் ஒரு பெரிய உணவு நிறுவனம் அவரைப் போல வேடமிட்ட ஒருவரை வைத்து விளம்பரம் செய்தபோது, பிள்ளைகள் அது நான்தான் என்று ஏமாந்துவிடுவார்கள் என்று சொல்லி அதை நிறுத்தச் செய்தார். நிகழ்ச்சியைத் தயாரித்தது அவர் அமைத்த இலாபநோக்கற்ற நிறுவனம். பிள்ளைகள் கையில் வரும் பொம்மைகள், விளையாட்டுச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் விளம்பர முகங்கள் தேடப்படும் ஒரு நாட்டில் இது சிறிய தியாகமல்ல.

போதகராக இருந்தும் அவர் நிகழ்ச்சியில் மதப் பிரசாரம் செய்யவில்லை. அதிகாலையில் எழுந்து, பலருடைய பெயரையும் சொல்லிப் பிரார்த்திப்பது அவருடைய வழக்கம். அது அவருக்கும் இறைவனுக்கும் இடையில் இருந்தது. பிள்ளைகள் கண்டது அதன் பலனை மட்டுமே.

எல்லாம் வெற்றியாகவும் இருக்கவில்லை. 1976இல், போதுமான அளவு செய்துவிட்டேன் என்று பிள்ளைகள் நிகழ்ச்சியின் தயாரிப்பை நிறுத்திவிட்டுப் பெரியவர்களுக்கான நேர்காணல் நிகழ்ச்சிக்குப் போனார். அது பெரிதாக எடுபடவில்லை. 1979இல் மறுபடியும் பிள்ளைகளிடமே திரும்பினார். தன்னுடைய இடம் எது என்று ஐம்பது வயதிலும் ஒருவருக்கு மீண்டும் தெளிவாகவேண்டி இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவரைக் குறை கூறியவர்களும் உண்டு. "நீ இருக்கிறபடியே நீ அருமையானவன்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, உழைக்காமல் பாராட்டை எதிர்பார்க்கும் தலைமுறையை உருவாக்கிவிட்டார் என்றார்கள். இந்தக் குற்றச்சாட்டு எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளையிடம் அன்பு காட்ட நிபந்தனை போடாதீர்கள் என்றுதான் அவர் சொன்னார். ஒழுக்கத்துக்கும் உழைப்புக்கும் நிபந்தனை வேண்டாம் என்று சொல்லவில்லை. கோபத்தை அடக்கு, பொறுமையாக இரு, மற்றவரை மதி என்று அவர் கற்பித்ததெல்லாம் கஷ்டமான பாடங்கள். ஆனால் இன்னொன்றை நியாயமாகச் சொல்லவேண்டும்: அவர் வசதியான குடும்பத்துப் பிள்ளை. நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு ஏழை நிலையத்துக்குப் போக அவரால் முடிந்தது போல எல்லோராலும் முடியாது. அன்றாடச் சோற்றுக்கு உழைக்கும் வீட்டுப் பிள்ளை கையில் ஒரு தொழிலை வைத்துக்கொண்டுதான் இப்படியான பணியைத் தொடங்கவேண்டும்.

நமக்கு என்ன?

ரொஜர்ஸின் கடைசி நிகழ்ச்சி 2001 ஓகஸ்ட் 31இல் ஒளிபரப்பானது. 2003 பெப்ரவரி 27இல், 74ஆவது வயதில், வயிற்றுப் புற்றுநோயால் காலமானார். 1997இல் அவருக்கு வாழ்நாள் விருது கொடுத்தபோது மேடையில் தன்னைப் பற்றிப் பேசவில்லை. உங்களை அன்பு காட்டி ஆளாக்கியவர்களைப் பத்து விநாடி நினைத்துப் பாருங்கள், நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஆடம்பரமாக வந்திருந்த சினிமாக்காரர்களும் தொலைக்காட்சிக்காரர்களும் கண்கலங்கிப் போனார்கள்.

தொலைக்காட்சியோ, வானொலியோ, கைத்தொலைபேசியோ, ஏதோவொன்றின் மூலம் பேச விரும்பும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாழ்க்கையிலிருந்து நாலு கேள்விகளை எடுத்து அவளிடம் கேளுங்கள். நீ யாரோடு பேசப்போகிறாய் மகள்? "எல்லாரோடும்" என்று சொன்னால், இன்னும் யோசிக்கச் சொல்லுங்கள். ஒரேயொரு ஆளை அவள் மனக்கண்ணில் காணவேண்டும். உனக்குத் தெரியாததை யாரிடம் கேட்டுப் படிக்கப்போகிறாய்? நாக்கு வளமாக இருந்தால் போதாது. அவளுக்கும் ஒரு மெக்பார்லண்ட் அம்மையார் தேவை. உன் முகம் தெரியாமல் எத்தனை வருடம் வேலை செய்யச் சம்மதம்? கடைசியாக, எவ்வளவு பணம் தந்தாலும் எதைச் செய்யமாட்டாய்? இந்த நாலுக்கும் அவளிடம் பதில் இருக்கிறது என்றால், வாப்பாவோடு உட்கார்ந்து பேசலாம். பதில் இல்லை என்றால் பிள்ளையை ஏசவேண்டாம். பதிலைத் தேட ஒரு வருடம் கொடுங்கள்.

பெரிய பிள்ளைகள் இல்லாத வீடுகளுக்கும் இதில் பங்கு உண்டு. வீடியோவில் பதிவு செய்து வைப்பது குற்றமா என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை ஒரு வழக்குப் போனது. நிகழ்ச்சியைக் குடும்பங்கள் தங்களுக்கு வசதியான நேரத்தில் பார்ப்பதை நான் விரும்புகிறேன், வீட்டில் எது எப்போது நடக்கவேண்டும் என்று குடும்பமே தீர்மானிக்கவேண்டும் என்ற கருத்தில் ரொஜர்ஸ் சாட்சி சொன்னார். 1984இல் வந்த தீர்ப்பில் நீதிமன்றம் அந்தச் சாட்சியத்தை எடுத்துக்காட்டியது. தொலைக்காட்சியில் வாழ்ந்த மனிதரே, பெட்டிக்கு அல்ல, வீட்டுக்கு அதிகாரம் இருக்கவேண்டும் என்றார். இன்று பிள்ளை சோறு தின்ன மறுத்தால் கையில் போனைக் கொடுத்து வாயில் ஊட்டுகிறோம். அதில் பேசுகிறவர் யார், அவருக்கு நம் பிள்ளை மேல் என்ன அக்கறை, எதை விற்கிறார் என்று ஒரு நாளாவது பக்கத்தில் இருந்து கேட்டுப் பார்த்தோமா?

பயப்படும் பிள்ளையிடம் "பயப்படாதே" என்று சொல்வதற்கு முன், "எதுக்கு மகன் பயம்?" என்று கேட்கலாம். அழும் பிள்ளையிடம் "ஆம்பிளைப் பிள்ளை அழுவதா?" என்று சொல்லாமல், அழுது முடியும்வரை பக்கத்தில் இருக்கலாம். பிள்ளை ஒரு விடயத்தைச் சொல்ல வரும்போது அடுப்பைக் கொஞ்சம் குறைத்து வைத்துவிட்டு அதன் முகத்தைப் பார்க்கலாம். அந்த மனிதர் முப்பது வருடமாகக் கமராவுக்கு முன்னால் நின்று செய்த வேலை ஏறக்குறைய இவ்வளவுதான். இதை வீட்டில் செய்ய எந்த நிலையத்தின் அனுமதியும் தேவையில்லை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் இன்னொரு விடயத்தோடு சந்திப்போம்.